ஆளில்லாத அறைக்குப் போன கரண்ட்

அவளுக்குக் கல்யாணம் ஆனபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. "இத்தனை வருஷம் பல்லைக் காட்டியே பிழைச்சாச்சு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பொய்ப்பல் செய்துகொடுக்கும் ஒரு சின்ன லேபில் அவளுக்கு வேலை. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் மெழுகால் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, கடிக்கும்போது மேலும் கீழும் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். கூட வேலை பார்ப்பவர்களுக்கு அவள் மெழுகக்கா.

அவரும் அங்கேதான் அறிமுகம். செய்துகொடுத்த முன்பல் இரண்டும் பேசும்போது டக் டக்கென்று ஆடுகின்றன என்று, மருத்துவரைத் தாண்டி நேரே லேபுக்கே வந்து நின்றார். பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எது எத்தனை நிமிஷம் தாமதம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மனைவி இறந்துபோயிருந்தாள். ஒரே மகள், கல்யாணமாகி வெளியூரில். மெழுகக்கா பல்லைச் சரிசெய்தாள்; அதன் பிறகும் அவர் இரண்டு மூன்று முறை வந்தார். ஆட்டம் ஏதுமில்லாத பல்லோடு வந்தார். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட அன்று லேபில் இருந்தவர்கள், "மாப்பிள்ளை சிரிப்புல பாதி உன் கைவேலைதானே" என்று கேலி செய்தார்கள்.

வீடு சின்னது. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை. கூடத்தை ஒட்டி இன்னொரு குட்டி அறை, எப்போதும் சாத்தியே இருக்கும். மாடியில் நான்கு சோலார் பேனல்கள். நடையில், சுவரில் இன்வெர்ட்டர். அதன் கீழே ஒரு மரப்பெட்டிக்குள் இரண்டு பெரிய பாட்டரிகள். பெட்டியையும் அவரே அடித்திருந்தார். தூக்கி வைக்கிற மூடி. அதன் ஒரு ஓரத்தில் மட்டும், ஒயர் வெளியே வருவதற்காக அரைவட்டமாக ஒரு வாய் செதுக்கியிருந்தது.

"எல்லாம் அவரே பண்ணதுதான்" என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னாள். "போன்ல வீடியோ பாத்துப் பாத்து. ஒருநாள் விரலைச் சுட்டுக்கிட்டாரு, ஒருநாள் பேனல் ஒயரை மாத்திக் குடுத்து டப்புனு புகை. பாவம், அதுக்கு மூச்சு முட்டுமே, அதுக்காகத்தான்."

அந்த 'அது' முதல் மனைவி. நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகும் நோய். இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள், ஆக்சிஜன் மெஷின் மட்டும் நிற்கக் கூடாது என்று சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அந்த ஊரில் கரண்டோ நினைத்தால் வரும், நினைத்தால் போகும். ஆள் வைத்துச் செய்ய வசதியில்லை. அவர் பழைய இன்வெர்ட்டர் ஒன்றை வாங்கிவந்து நடையில் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் மெஷினைப் போட்டதும் இன்வெர்ட்டர் அணைந்து போனது. ஒயர் மெல்லிசு என்று கண்டுபிடித்து, விரல் தடிமனில் சிவப்பும் கறுப்புமாக மாற்றினார். பிறகு பேனலில் பாதி வெயில் வீணானது. பக்கத்து மாடித் தொட்டியின் நிழல் என்று தெரிந்து சட்டத்தை நகர்த்தினார். ஒவ்வொரு பழுதையும் விடாப்பிடியாகத் துரத்தி, கடைசியில் வீட்டுக்கே கரண்ட் போனாலும் அந்தக் குட்டி அறை மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்படி செய்தார்.

மெழுகக்கா வந்த முதல் கோடையில் ஒன்றைக் கவனித்தாள். கரண்ட் போனால் கூடத்து ஃபேன் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு நின்றுவிடும். பாட்டரியில் இன்னும் பாதி இருப்பதாகத் திரை காட்டும்.

"என்னங்க, பாதி இருக்கே. அப்புறம் ஏன் நின்னுபோச்சு?"

"பாதிக்கு மேல இறக்கினா பாட்டரி கெட்டுப்போயிடும்."

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நடக்கையில், குட்டி அறைக் கதவின் இடுக்கில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. உள்ளே பிளக் பாயிண்ட்டின் விளக்கு. வீடு முழுக்க அணைந்திருக்க, அது மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பாட்டரியின் மறுபாதி அந்த அறைக்கு. அங்கே யாருமில்லை.

சக்களத்தி உயிரோடு இருந்தால் சண்டை போடலாம். இல்லாதவளிடம் எந்த முகத்தோடு ஃபேன் காற்றில் பங்கு கேட்பது? பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கோடையைக் கடந்தாள்.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒருநாள் லேபில் தண்ணீர் வரவில்லை. அச்சு வார்க்கும் சுண்ணம் கரைக்க வழியில்லை என்று முதலாளி எல்லாரையும் மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவள் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது கூடத்தில் யாருமில்லை. மெயின் ஸ்விட்ச் கீழே இறக்கியிருந்தது. செருப்பைக் கழற்றும்போதே அந்தச் சத்தம் கேட்டது.

புஸ்ஸ்... டக். புஸ்ஸ்... டக்.

யாரோ உள்ளே மூச்சு வாங்குவது போல. சுவருக்கு அந்தப் பக்கம், சாத்திய கதவுக்குப் பின்னால். வெளியே ஓடிவிடலாம் என்று கால் திரும்பியது. கை என்னவோ கதவைத் தள்ளிவிட்டது.

கட்டிலில் சுருக்கமில்லாமல் விரித்த படுக்கை. பக்கத்தில் சின்ன அலமாரி அளவுக்கு ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் குப்பியில் தண்ணீர் குமிழ்விட்டுக் கொதிப்பது போல் இருந்தது. அங்கிருந்து ஒரு நீளமான டியூப் கட்டிலுக்குப் போய், மூக்கில் மாட்டுகிற முனை தலையணையின் நடுவே கிடந்தது. நாற்காலியில் அவர். மடியில் கரண்ட் அளக்கும் மல்டிமீட்டர், அதன் ஒயர்கள் கதவிடுக்கு வழியாக நடைக்கு, மூடி திறந்து கிடந்த பாட்டரிப் பெட்டிக்குப் போயிருந்தன.

அவர் திடுக்கிடவில்லை. கையைத் தூக்கிப் பேசாதே என்று சைகை செய்தார். மீட்டரையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக எழுந்து மெஷினை அணைத்தார். குப்பியின் குமிழ் அடங்கியதும் அந்த அறையில் வந்த அமைதி, ஒருவர் போய்விட்ட அமைதியாக இருந்தது.

"எத்தனை நாளா நடக்குது இது?" என்றாள்.

"அவ போனதிலிருந்து."

தேநீர் போட்டுக் கொடுத்தாள். அவர் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

அன்றைக்குக் காலை ஷிப்ட் முடிந்து வந்து பாட்டரியைப் பார்த்திருக்கிறார். தண்ணீர் மட்டம் இறங்கியிருந்தது. டிஸ்டில்டு வாட்டர் வாங்கிவருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, பெட்டியை மூடிவிட்டுக் கிளம்பினார். பக்கத்துக் கடையில் இல்லை. இன்னொரு கடை போனார். திரும்பும்போது தெருவில் கடைகளெல்லாம் இருட்டாக இருந்தன. கரண்ட் போயிருந்தது. பரவாயில்லை, நம் வீட்டில் பாட்டரி இருக்கிறது என்றுதான் நடந்தார். வாசல் கேட்டிலேயே மெஷினின் அலாரம் கேட்டது. கரண்ட் நின்றால் கத்துவதற்கென்று அதற்குள்ளேயே ஒரு குட்டி பாட்டரி உண்டு. ஓடிவந்து பெட்டி மூடியைத் தூக்கி எறிந்தார். தூக்கியதுதான் தாமதம், இன்வெர்ட்டர் உயிர்பெற்றது. மெஷின் ஓட ஆரம்பித்தது.

"மெஷின் ஓடுச்சு. அவ இல்ல."

சாயங்காலம் வரை யாரும் அதை அணைக்கவில்லை. அழ வந்தவர்களுக்கு நடுவே அது பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"இதயம் நின்னுருக்கு, எப்ப வேணா நிக்கற இதயம்தான்னாரு. கரண்ட் எத்தனை மணிக்குப் போச்சுன்னு ஈபி ஆபீஸ்ல கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அவ எத்தனை மணிக்குப் போனான்னு யார்கிட்ட கேக்கறது? ஊர்ல ஓடற வண்டிக்கெல்லாம் நேரம் குறிச்சவன் நான்." அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "அதை விடு. மெஷின் ஏன் நின்னுச்சு? எல்லா நட்டும் இறுக்கமா இருந்துச்சு. பாட்டரி ஃபுல். இன்வெர்ட்டர் நல்லா இருக்கு. அன்னைக்கு மாதிரியே மெயினை இறக்கிட்டு, மெஷினைப் போட்டுட்டு, மீட்டரை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒருநாள்கூட நிக்க மாட்டேங்குது."

"நின்னா என்ன பண்ணுவீங்க?"

"எதனாலன்னு தெரியும்."

"தெரிஞ்சா?"

அவர் ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

அன்றிலிருந்து அந்தச் சத்தம் அவளுக்குள் புகுந்துகொண்டது. லேபில் மெழுகை உருக்கும்போது அடுப்பு புஸ்ஸென்றால் கை நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால், சமையலறையில் அவள் தன்னை அறியாமல் அந்த மெஷினோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருப்பாள். பேசிப் பார்த்தாள். கோபப்பட்டுப் பார்த்தாள். "போய்ச் சேர்ந்தவங்களை நிம்மதியா விடுங்க" என்றாள். அவர் தலையாட்டுவார். மறுநாள் மத்தியானம் மெயின் இறங்கும்.

பழுது அவள் கையில்தான் சிக்கியது. தேடிப் போய்ச் சிக்கவில்லை. அன்று லேபுக்கு லீவு, அவர் டிப்போவில். நடையைப் பெருக்கும்போது பாட்டரிப் பெட்டிக்குள் எறும்பு போவதைப் பார்த்து, மூடியைத் தூக்கித் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தாள். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. கூடத்து ஃபேன் ஒரு சுற்றுகூடத் தாங்காமல் நின்றது. இன்வெர்ட்டர் ஒருமுறை முனகி அணைந்தது. அவள் முதலில் பார்த்தது குட்டி அறையைத்தான். அந்தச் சிவப்புப் புள்ளி இல்லை. அவள் வந்ததிலிருந்து ஒருநாளும் அணையாத புள்ளி.

கைதான் துடைத்தது, கைதான் கெடுத்தது என்று மூடியை மறுபடி தூக்கினாள். இன்வெர்ட்டர் விழித்தது. சிவப்புப் புள்ளி எரிந்தது. மூடியை வைத்தாள். அணைந்தது.

லேபில் அச்சு வார்க்கிற பித்தளைப் பெட்டிகளுக்கு மேல்பாதி, கீழ்பாதி உண்டு. ஒரே ஒரு பக்கமாகத்தான் பொருந்தும். மாற்றி வைத்தாலும் பார்க்க மூடினது போலவே இருக்கும். பல் மட்டும் கோணிவிடும். அந்தப் பழக்கத்தில் அவள் கண் மூடியின் ஓரத்துக்குப் போனது. அரைவட்ட வாய் சுவர்ப் பக்கம் இருந்தது. ஒயர் வருகிற பக்கம் வாயில்லாத பலகை, அந்தக் கறுப்பு ஒயரின் கழுத்தை அமுக்கிக்கொண்டிருந்தது. மூடியைத் திருப்பி வைத்தாள், எல்லாம் ஓடியது. பிறகு கறுப்பு ஒயரை மெல்ல வளைத்துப் பார்த்தாள். ஒயரின் நுனியில், கம்பிகளைக் கவ்விப் பாட்டரியோடு சேர்க்கிற செப்புக் குழாய், லக், இருந்தது. அதன் மேல் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தாள். லக் சரியாக நசுங்காமல், உள்ளே செம்புக் கம்பிகள் பிடியில்லாமல் ஆடின. நட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. ஆட்டம் அதற்கு உள்ளே.

வீட்டுக்குக் கரண்ட் இருக்கும்வரை இது தெரியவே தெரியாது. கரண்ட் போக வேண்டும், மூடி திரும்பி இருக்க வேண்டும். சோதனை செய்யும்போது அவர் மீட்டர் மாட்டுவதற்காக மூடியைத் திறந்தே வைக்கிறார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அது நிற்கவே போவதில்லை.

அவள் நடையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டு, கடைத்தெருவில் ஒயரிங் சாமான் கடைக்குப் போனாள். கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"யாரும்மா இதை அடிச்சது? கிரிம்பிங் டூல்ல அழுத்தணும். இது சுத்தியலால தட்டியிருக்கு. கொஞ்சமாவது அறிவு இருக்கறவன் பண்ணுவானா?"

"அவசரத்துல பண்ணியிருப்பாங்க" என்றாள்.

"கழட்டி எடுத்துட்டு வாங்க. அழுத்தித் தரேன். ரெண்டு நிமிஷ வேலை."

ரெண்டு நிமிஷ வேலை. அவருக்குத் தெரியாமல் முடித்துவிடலாம். அந்த லக்கைத் தட்டியது அவர் கை, மூடியைத் திருப்பி வைத்ததும் அவர் கை என்று அவர் காதில் விழாமலே போய்விடும். ஆனால் அப்புறம்? இனி என்றைக்குமே வராத ஒரு பழுதுக்காக, அவர் சாகும்வரை அந்த நாற்காலியில் காவல் இருப்பார். சொன்னாலோ, அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருப்பாரா என்பதே சந்தேகம். புதிய லக்கை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. பல நாள் அந்த லக் பையிலேயே கிடந்தது. இரவில் சாப்பிடும்போது அவர் முகத்தைப் பார்ப்பாள். தான் செய்த பல் இரண்டும் ஒழுங்காக மெல்லுவதைப் பார்ப்பாள்.

கடைசியில் அவரே வழி விட்டார். ஒரு ஞாயிறு மத்தியானம், நாற்காலியை நோக்கிப் போனவர் நின்று, "இன்வெர்ட்டரை மாத்திட்டு வேற போட்டுப் பாக்கலாமான்னு இருக்கு. ஒருவேளை அதுக்குள்ள ஏதாவது" என்றார். அந்தக் குரலில் இருந்த ஆசையை அவளால் தாங்க முடியவில்லை.

"நானும் கூட இருக்கேன். ஆனா இன்னைக்கு மீட்டர் வேண்டாம். மூடிய மூடிட்டுப் பண்ணுங்க. அன்னைக்கு மூடித்தானே இருந்துச்சு?"

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். மெயினை இறக்கினார். மெஷினைப் போட்டார். புஸ்ஸ்... டக். அவள் நடைக்கு வந்து, மூடியை எடுத்து, திருப்பி வைத்து, உள்ளங்கையால் மெல்ல அமுக்கினாள்.

மெஷின் நின்றது. உடனே அலாரம் அலறியது.

அவர் பேயறைந்தவர் போல அறை வாசலில் வந்து நின்றார். அந்தச் சத்தத்தை அவர் கடைசியாகக் கேட்டது அன்றைக்கு, வாசல் கேட்டில் நின்று. அவள் மூடியைத் தூக்கினாள். அலாரம் அடங்கி மூச்சு திரும்பியது. அவர் வந்து அவள் கையிலிருந்து மூடியை வாங்கினார். அதன் அரைவட்ட வாயைப் பார்த்தார். திருப்பி வைத்தார்; அலறல். தூக்கினார், மூச்சு. மறுபடி வைத்தார். மறுபடி. அதையே செய்துகொண்டிருந்தார். அவள்தான் கடைசியில் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதுங்க."

டேப்பைப் பிரித்து லக்கைக் காட்டினாள். அவர் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நான் அடிச்சதுதான். அன்னைக்கு டூல் கிடைக்கல. அப்புறம் மாத்திக்கலாம்னு டேப்பைச் சுத்தினேன்." மூடியின் வாயைத் தடவி, "தண்ணி பாத்துட்டு அவசரமா மூடினேன்" என்றார். பிறகு அறைப் பக்கம் திரும்பி, "அவ இந்த அலாரத்தைக் கேட்டிருப்பா" என்றார்.

இல்லை என்று சொல்லிவிடலாம். அவள் வேறொன்று கேட்டாள்.

"டியூப் எங்க இருந்துச்சு? மூக்குலயா?"

"கையில. சுருட்டி வச்சிருந்தா. வெளிய கிளம்பும்போது கழட்டிச் சுருட்டுவாளே, அந்த மாதிரி."

மெஷின் நின்ற பிறகு கழற்றினாளா, அதற்கு முன்பே போதும் என்று கழற்றிவிட்டாளா? இருவரும் கட்டிலைப் பார்த்தார்கள். பழுது கிடைத்துவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் தலையணை மேல் அப்படியே கிடந்தது.

அவர் அழுதார். இவ்வளவு காலம் கழித்து, நடையில், பாட்டரிப் பெட்டியில் நெற்றியை வைத்துக்கொண்டு. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் அவரே மகளுக்குப் போன் செய்தார். ஒளிக்காமல் சொன்னார். பிறகு, "சித்தி இருக்காங்களா? குடுங்க" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

அவள் வாங்கினாள். திட்டு விழும் என்று போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளியே வைத்திருந்தாள்.

"சித்தி, அப்பாவை இன்னைக்குத் தனியா விடாதீங்க." மகளின் குரல் உடைந்தது. "அம்மா ரெண்டு தடவை என்கிட்ட போன்ல சொல்லுச்சு, உங்கப்பா மனுஷன் தூங்கி நாளாச்சுடின்னு. அது மட்டும் அவர்கிட்ட சொல்லுங்க. என்னால இப்ப பேச முடியாது."

அவள் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார்.

அவள் வாங்கி வைத்திருந்த புதிய லக்கை ஒயரோடு கடையில் கொடுத்து அழுத்தி வாங்கியது அவர்தான். கடைக்காரரின் வசவை முழுசாகக் கேட்டுக்கொண்டு வந்தார். மெஷினை, வீட்டில் நோயாளி வைத்திருந்த ஒரு டிரைவர் வந்து எடுத்துப் போனான். அவர் கூடவே போய், அவர்கள் வீட்டு ஒயர் நுனிகளையெல்லாம் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு இருட்டின பிறகு திரும்பினார். பாட்டரியின் மறுபாதியை அறைக்கு ஒதுக்கிய இணைப்பையும் எடுத்துவிட்டார். குட்டி அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். மெழுகக்கா தன் மேஜையை அங்கே போட்டுக்கொண்டாள். லேபில் முடியாத வேலையை வீட்டுக்குக் கொண்டுவருவாள்.

இப்போது மத்தியானங்களில் அவர் கூடத்தில் ஃபேனுக்கு அடியில் தூங்குகிறார். நீளமான, கனமான தூக்கம். பல வருஷத்துக் கடனை அடைப்பது போல. திறந்த கதவு வழியாக அவர் மூச்சு அவளுக்குக் கேட்கும். பல்லை நட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்கக் கூடாது என்றுதான் நினைக்கிறாள். ஆனால் ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் நீண்டுவிட்டால், கையிலிருக்கும் மெழுகு ஆறிப்போவதுகூடத் தெரியாமல், தலையைத் தூக்கிக் காத்திருக்கிறாள்.